புழுவே தொடாத மக்காச்சோளம் என்று விதை விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் குடியாத்தம் பக்கம் ஊர். மேட்டுக் கொல்லை இரண்டு ஏக்கர், ஏரிக்குக் கீழே கழனி முக்கால் ஏக்கர். போன இரண்டு பட்டமும் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, நாலு தடவை மருந்து அடித்தும் பாதிக் கதிர்தான் தேறியது. இப்போது பலமநேர் பக்கமிருந்து ஒருவர் வந்து, “இது பிடி சோளம், புழுவே தொடாது, மருந்துச் செலவே கிடையாது” என்று பெயர் போடாத பையில் விதை தருகிறார். விலை இரண்டு மடங்கு. பருத்தியில் பிடி இருக்கும்போது சோளத்திலும் இருக்கும்தானே என்கிறார் என் கொழுந்தனார். கல்லூரியில் படிக்கும் மகளோ, அது மரபணு மாற்றியது, ஆடு தின்றால் செத்துவிடும், தேனீயும் வராது என்கிறாள். யார் சொல்வது சரி? நெல்லுக்கும் இப்படி ஒரு விதை வந்தால் குருத்துப்பூச்சித் தொல்லை தீருமா? (வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்:

வணக்கம் அம்மா. விதைப்பு நெருங்கிவிட்டது என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையை வாங்காதீர்கள். பிடி மக்காச்சோளம் என்பது புழுவைக் கொல்லும் ஒரு கிருமியின் மரபணுவைச் செடிக்குள் வைத்தது. இந்தியாவில் பயிரிட அனுமதி பெற்ற பிடி மக்காச்சோளம் என்று ஒன்று இன்றுவரை இல்லை. மரபணு மாற்றிய பயிர்களில் நம் விவசாயிகள் கைக்குச் சட்டப்படி வந்தது பருத்தி ஒன்றுதான், அதுவும் 2002இல். பிடி கத்தரிக்கு 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு சம்மதம் கொடுத்தது. ஆனால் 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். இலவம்பாடி முள்ளுக் கத்தரி விளையும் நம் மாவட்டத்துக்கு அது சம்பந்தமில்லாத செய்தி இல்லை. நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம் என்று தானியங்களை எடுத்துக்கொண்டால் எதற்குமே இங்கே அனுமதி கிடையாது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள், அனுமதி இல்லாமல் இவற்றை விற்பதையும் பயிரிடுவதையும் தடை செய்கின்றன. பருத்தியில் இருப்பதால் மக்காச்சோளத்திலும் இருக்கும் என்ற கொழுந்தனாரின் கணக்கு அதனால் பொருந்தாது.

அப்படியானால் அந்தப் பையில் என்னதான் இருக்கும்? எனக்குத் தோன்றுவது இது. இப்போது கம்பெனி மக்காச்சோள விதைகள் பலவும் பூச்சிமருந்து பூசித்தான் வருகின்றன. சயான்ட்ரனிலிப்ரோல், தயாமீத்தாக்சம் என்ற இரண்டு மருந்தும் கலந்த பூச்சு அது. விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். முளைத்த பிறகு ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம் வரை இளஞ்செடியைப் புழு அண்டாது. பக்கத்துக் கொல்லையில் ஓட்டை விழும்போது இந்தக் கொல்லை பச்சையாக நிற்பதைப் பார்த்தால் ‘பிடி’ என்று நம்பத் தோன்றும். இருபதாம் நாளுக்கு மேல் அந்தக் காவல் போய்விடும், புழு வரும். அதற்குள் விற்றவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். இல்லை, உண்மையிலேயே எங்கிருந்தோ கடத்தி வந்த பிடி விதையாகவும் இருக்கலாம். எதுவானாலும் பில் கிடையாது, ரகத்தின் பெயர் கிடையாது, முளைப்புத்திறன் அச்சிட்ட அட்டை கிடையாது. நாளைக்குப் பயிர் போனால் யாரிடமும் போய் நிற்க முடியாது. இரண்டு மடங்கு விலை கொடுத்து அந்த நிலையை வாங்க வேண்டாம்.

சரி, உங்கள் மகளின் பயத்துக்கும் விற்பவரின் பேச்சுக்கும் நடுவில் உண்மை என்ன என்று சொல்ல வேண்டும். இது நான் வேலை பார்க்கும் துறை. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துவதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன்.

பிடி என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கம். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்தாகச் சாவதற்குக் காரணம் தேடியபோது இஷிவாட்டா என்பவர் இதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து பெர்லினர் என்பவர் பிரித்தெடுத்தார், பிறகு பெயரும் வைத்தார். இந்தக் கிருமி தனக்குள் ஒரு புரதத்தைப் படிகமாகச் சேர்த்து வைக்கிறது. புழு இலையோடு சேர்த்து அதைத் தின்றால், புழுவின் குடலில் இருக்கும் காரத்தன்மையில் படிகம் கரைகிறது. குடல் நொதிகள் அதை வெட்டிக் கூர்மையாக்குகின்றன. பிறகு குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டி, செல்லில் பொத்தல் போடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். இரண்டு, மூன்று நாளில் சாகும். நமக்கும் ஆடுமாட்டுக்கும் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டும் இடமும் நம் குடலில் கிடையாது. சாதாரணப் புரதம்போலச் செரித்துவிடும்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை மக்காச்சோளத்துக்குள்ளேயே வைத்து 1996இல் அமெரிக்காவில் சாகுபடி தொடங்கினார்கள். குறி வைத்தது ஐரோப்பியத் தண்டுத் துளைப்பான். அது தண்டுக்குள் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து அடிக்கும் மருந்து போய்ச் சேராது. செடியே மருந்தாக இருந்தால் முதல் கடியிலேயே விஷயம் முடிந்தது. பலன் பெரிதாகத்தான் இருந்தது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 14 ஆண்டுகளில் அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தின் ஐந்து மாநிலங்களில் கிடைத்த லாபம் கிட்டத்தட்ட 690 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அதில் 430 கோடிக்கு மேல் பிடி போடாத விவசாயிகளுக்குப் போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வட்டாரம் முழுக்க அந்துப்பூச்சி குறைந்துபோனதால் சும்மா இருந்த பக்கத்துக் கொல்லையும் பிழைத்தது. துளை குறைந்தால் கதிரில் பூஞ்சணமும் குறையும், அது உண்டாக்கும் நஞ்சும் குறையும். இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தத் தொழில்நுட்பத்தைத் திட்டுவது நேர்மையாகாது.

ஆனால் உங்கள் கொல்லையில் விழுந்திருப்பது அந்தத் துளைப்பான் இல்லை. படைப்புழு வேறு சாதி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்குப் போய், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டு, அதே வருடம் தமிழ்நாட்டுக்குள் வந்தது. ஒரு பெண் அந்து ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக் கூடியது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். உலகத்தில் பிடி மக்காச்சோளத்தை வயலில் ஜெயித்துக் காட்டிய பூச்சிகளில் முன்வரிசையில் நிற்பதும் இதுதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் ‘கிரை1எஃப்’ என்ற புரதம் கொண்ட பிடி மக்காச்சோளத்தைப் படைப்புழு 2006லேயே சாதாரணமாகத் தின்ன ஆரம்பித்து, அந்த விதையையே அங்கே விற்பனையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பிரேசிலில் அதே புரதம் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளுக்குள் பலன் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில் 1998 முதல் பிடி மக்காச்சோளம் உண்டு. அங்கே வேறொரு தண்டுத் துளைப்பான் பத்து வருடத்துக்குள் பழகிக்கொண்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேரைத் தின்னும் வண்டுக்கென்று 2003இல் வந்த பிடி ரகமும் 2009 வாக்கில் சில வயல்களில் தோற்றது. அப்புறம் ‘விப்3ஏ’ என்ற வேறு வகைப் புரதத்தைச் சேர்த்தார்கள். அது படைப்புழுவுக்கு எதிராக இதுவரை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. பெயர் போடாத பையில் எந்தப் புரதம் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பூச்சி எப்படிப் பழகுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் அரசு அனுமதித்த நல்ல விதை என்றாவது ஒருநாள் வந்தாலும் உங்களுக்கு உதவும். லட்சம் புழுவில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் ஒட்டாத குடல் இருக்கும். ஊர் முழுக்கப் பிடி மட்டுமே நின்றால் மற்றதெல்லாம் செத்து, தப்பிய இரண்டும் ஒன்றையொன்று தேடிச் சேரும். பிறப்பதெல்லாம் தாங்கும் பிள்ளைகள். அதைத் தடுக்கத்தான் பிடி அல்லாத பயிரைப் பக்கத்திலேயே ஒரு பங்கு வைக்கச் சொல்கிறார்கள். புகலிடப் பயிர் என்று பெயர். அதில் பிழைக்கும் ஏராளமான சாதாரண அந்துகள், தப்பி வந்த ஒன்றிரண்டோடு இணைசேர்ந்து அந்தக் குணத்தைக் கரைத்துவிடும். பிறக்கும் கலப்புப் புழு செடியில் புரதம் தாராளமாக இருந்தால் செத்துவிடும். தண்டுத் துளைப்பானுக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது. படைப்புழு இயல்பிலேயே கிரை1எஃப் போன்ற கிரை வகைப் புரதங்களைக் கொஞ்சம் தாங்கும் என்பதால் அதற்குப் போதவில்லை. குளிர்காலமே இல்லாமல் வருடம் முழுக்க மக்காச்சோளம் நிற்கும் இடத்தில் தலைமுறைகளும் அடுத்தடுத்து வரும். போர்ட்டோ ரிக்கோவிலும் பிரேசிலிலும் அதுதான் நிலைமை. கோழித் தீவனத்துக்காக ஒரு பட்டம் விடாமல் விதைக்கும் நம்மூர் நிலைமையும் அதேதான்.

நம் பருத்தியில் நடந்ததை நீங்களே பார்த்திருக்கலாம். 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் ஒன்று தனியாகக் கொடுத்தார்கள். புகலிடத்துக்காகத்தான். அதை ஓரத்தில் விதைத்தவர்கள் கொஞ்சம் பேர். தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்று சொல்லிவிட்டு, ஏன் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. அதனால் விவசாயியை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு 2010 வாக்கில் குஜராத்தில் பிடி பருத்தியில் முதலில் வைத்த புரதத்தையும், அடுத்த நாலைந்து வருடத்தில் பிறகு சேர்த்த இரண்டாவது புரதத்தையும் கடந்துவிட்டது. சாறு உறிஞ்சும் பூச்சிகளை அந்தப் புரதம் எப்போதும் ஒன்றும் செய்ததில்லை. 2015இல் பஞ்சாபில் வெள்ளை ஈ வந்து பருத்தியை அழித்தது பிடி ரகங்கள் நின்ற கொல்லைகளில்தான். “மருந்துச் செலவே கிடையாது” என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கடத்தல் விதையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீரிய ஒட்டு ரகத்தின் கதிரையே எடுத்து அடுத்த தலைமுறை விதையாகப் பையில் போட்டு விற்பார்கள். அப்படிப்பட்ட கொல்லையில் ஒரு செடியில் புரதம் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஒரே கதிரில்கூட மணிக்கு மணி வேறுபடும். புழு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். உங்கள் இரண்டு ஏக்கரோடு போகாமல் ஊருக்கே கேடு அது.

இப்போது இந்தப் பட்டத்துக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். நாலு தடவை அடித்தும் பாதிக் கதிர் போனதென்றால், மருந்து போய்ச் சேரவில்லை அல்லது நேரம் தப்பிவிட்டது என்றுதான் அர்த்தம். முளைத்துப் பதினைந்து, இருபது நாள் ஆனதும் காலையில் கொல்லைக்குள் இறங்கிக் குருத்தை விரித்துப் பாருங்கள். இலையில் பச்சையைச் சுரண்டிவிட்டுத் தோல் மட்டும் கண்ணாடிபோல் தெரிந்தால் சின்னப் புழு. விரிந்த இலையில் குறுக்கே வரிசையாக ஓட்டை இருந்து, குருத்துக்குள் ஈர மரத்தூள்போல எச்சம் அடைத்திருந்தால் பெரிய புழு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. குச்சியால் எடுத்துத் தலையைப் பாருங்கள். தலைகீழான ‘ஒய்’ வடிவில் வெள்ளைக் கோடும், வால் பக்கம் நாலு கறுப்புப் புள்ளி சதுரமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய புழுதான் இருக்கும், மற்றதை அது தின்றுவிடும். அந்த எச்ச மூடிக்குக் கீழே இருக்கிற புழுவுக்கு மேலாகத் தூவிய மருந்து எட்டாது. கைத்தெளிப்பானின் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே இறங்கும்படி, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். புழு மேலே வந்து தின்பது பொழுது சாய்ந்த பிறகுதான்.

அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது இருக்கிறது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வரும், கொக்கும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். விதை பில்லோடு, மருந்து பூசியதாகவே வாங்குங்கள். வரப்பைச் சுற்றிக் காராமணி, எள், சூரியகாந்தி எதையாவது விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். ஊடுபயிராக உளுந்து வைக்கலாம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, அந்து விழ ஆரம்பித்ததும் முட்டையைத் தேடுங்கள். இலையில் பஞ்சுபோல் மயிர் மூடிய குவியலாக இருக்கும். கையால் நசுக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான புழு ஒரே நொடியில் போச்சு. இரண்டு ஏக்கருக்கு வீட்டு ஆள் இரண்டு பேர் காலையில் நடந்தால் போதும். எனக்குக் கேட்டால் முதல் மாதத்தில் இதைவிடப் பலனுள்ள வேலை வேறு இல்லை. காய்ந்த மணல் ஒன்பது பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுவதும் முதல் முப்பது நாளுக்கு நன்றாகவே கேட்கும்.

நூறு செடி பார்த்து ஐந்துக்கு மேல் கடி இருந்தால் மட்டும் மருந்தைத் தொடுங்கள். முதலில் 1500 பிபிஎம் வேம்பு மருந்து 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி. அதையும் மீறிப் பரவினால் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி 4 மில்லி. பத்து, பதினைந்து நாள் கழித்து இன்னும் தேவைப்பட்டால் அதையே திரும்ப அடிக்காமல் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 4 கிராம், அல்லது ஸ்பினிடோரம் 11.7 எஸ்சி 5 மில்லி. இந்த அளவெல்லாம் 10 லிட்டருக்கு. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் பிடிக்கு ஆன கதிதான் அந்த மருந்துக்கும் ஆகும். கடைக்காரர் இரண்டு, மூன்றைக் கலந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூக்கதிர் வந்த பிறகு மருந்து அடிப்பது காசுக்கு நட்டம்.

இன்னொன்று. அதே பிடி கிருமி தெளிக்கிற பொடியாகவே கடையில் கிடைக்கிறது. அனுமதி பெற்றது. லிட்டருக்கு 2 கிராம் கலந்து சின்னப் புழு இருக்கும்போது குருத்தில் அடிக்கலாம். வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும் என்பது அதன் குறை. பக்கத்தில் யாராவது மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தால் அந்தப் பக்கம் காற்று வீசும்போது அடிக்கவே கூடாது. பட்டுப்புழு செத்துத்தான் இந்தக் கிருமியே வெளியில் தெரிய வந்தது.

நெல்லுக்கு வருவோம். சீனாவில் இரண்டு பிடி நெல் ரகங்களுக்கு 2009இல் பாதுகாப்புச் சான்றிதழே கொடுத்தார்கள், ஆனாலும் சாகுபடிக்கு விடவில்லை. அப்படி ஒரு ரகம் வந்தால் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கேட்கும். புகையான், தத்துப்பூச்சி, கதிர் நாவாய்ப்பூச்சி எல்லாம் சாறு உறிஞ்சுபவை, அவற்றுக்குக் கேட்காது. உங்கள் முக்கால் ஏக்கருக்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனியில்தான் முட்டை வைக்கிறது. நடும்போது நாற்றுக் கட்டை அவிழ்க்காமலே நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டை கழனிக்கே போகாது. கிள்ளியதை வரப்பில் போடாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள். நட்ட 30, 37ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணி அட்டையை ஏக்கருக்கு 2 சிசி கட்டலாம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

மகளிடம் சொல்லுங்கள், அவள் கேட்டது நல்ல கேள்வி. 2006இல் வாரங்கல் பக்கம் பிடி பருத்திக் கொல்லையில் மேய்ந்த ஆடுகள் செத்ததாகச் செய்தி வந்தது உண்மை. அந்தப் புரதம்தான் கொன்றது என்பது நிரூபணமாகவில்லை. பல நாடுகளில் பிடி மக்காச்சோளத்தைக் கால்நடை வருடக்கணக்காகத் தின்று வருகிறது. புழுக்களைக் குறிவைக்கும் இந்தப் புரதம் தேனீக்குக் கேடு செய்வதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. 1999இல் பிடி மக்காச்சோள மகரந்தம் பட்ட இலையைத் தின்ற மோனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் செத்ததாக ஓர் ஆய்வு வந்து பெரிய பேச்சானது. 2001இல் வயலிலேயே போய் அளந்து பார்த்ததில், பெரும்பாலான ரகங்களால் வரும் ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. மகரந்தத்தில் நஞ்சு அதிகமாக இருந்த ஒரு ரகத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படைப்புழுவை மட்டுமே நம்பி வாழும் ஒட்டுண்ணிக் குளவிகள், புழு குறைந்தால் குறையும் என்பது மட்டும் நிஜம். அதனால் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் விட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பொத்தாம்பொதுவாக எல்லாமே விஷம் என்றோ எல்லாமே நல்லது என்றோ சொல்வதற்கில்லை.

உங்கள் ஆட்டுக்கும் தேனீக்கும் இன்றைக்கு ஆபத்து நாம் அடிக்கிற மருந்திலிருந்துதான். பூ எடுத்த பயிரில் காலையில் தெளிக்காதீர்கள், தேனீ வரும் நேரம் அது. மருந்து அடித்த தட்டையை, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை ஆட்டுக்குப் போடாதீர்கள். தெளிக்கும்போது முகத்துக்குத் துணியும் கைக்கு உறையும் கட்டாயம்.

விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடித்த குருத்து இரண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரில் போனால் புழுவைப் பார்த்தே சொல்வார்கள். அவசரத்துக்கு 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த விதைக்காரர் மறுபடியும் வந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லிவிடுங்கள். விதை ஆய்வாளர் மாதிரி எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்வார். கொழுந்தனார் ஏற்கெனவே ஒரு பை வாங்கி வைத்திருந்தால் விதைக்காமல் அதையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.